முழு வருகை

பள்ளிக் குடியிருப்பு,
அக்டோபர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

ஆபரேஷன் முடிந்து உங்களை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று விடுதி வார்டன் கொடுத்த தந்தி கிடைத்தது. நிம்மதி. கர்ப்பப்பை எடுப்பதெல்லாம் இப்போது பெரிய விஷயமே இல்லை. எங்கள் பள்ளியிலேயே இரண்டு டீச்சர்கள் எடுத்துக்கொண்டு சீக்கிரமே கரும்பலகை முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

பிள்ளையைச் சில நாள் அனுப்பிவைக்கச் சொல்லியிருந்தீர்கள். அனுப்பத்தான் இருந்தேன். பையில் துணியெல்லாம் எடுத்துவைத்தாகிவிட்டது. கிளம்ப வேண்டிய அன்று காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. பஸ் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்த படுக்கையாக இருக்கிறாள். "அம்மாகிட்ட நான் வர முடியலன்னு சொல்லிடுங்க அத்தை" என்று போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள்.

கனமான எதையும் தூக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


சலவை ஆலை மகளிர் விடுதி,
அக்டோபர் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுண்டுவுக்குக் காய்ச்சல் விட்டதா? அதை முதலில் எழுது. என் உடம்பு ஓடிவிடாது, பிறகு விசாரிக்கலாம்.

விடுதிக்கு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரிக்கு நான்கு பையன்கள். முறை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். நான்கு பேருக்கும் நான்கு விதமாகத் திட்டு விழும். "உங்களைப் பார்க்க யாரும் வரலியா?" என்று கேட்டாள். பெண் இருக்கிறாள், காய்ச்சல் என்றேன். "காய்ச்சல்னா பாவம், என்ன செய்யும் பிள்ளை" என்று ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள். பார்வையாளர் நேரம் வந்தால் நான் தலையைச் சீவிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். உன் கடிதம் வந்த பிறகும் பார்த்தேன். புத்திக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது.

வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். நீராவிப் பெட்டிப் பக்கம் விடவில்லை. ஓட்டல் மேசைத் துண்டுகளை மடிக்க உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டை மடிப்பதில் இத்தனை பேருக்கு இத்தனை அபிப்பிராயம் இருக்கும் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். எழுத்தர் எடுத்து, "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்றார். பின்னாலிருந்து "இல்லைன்னு சொல்லுங்க" என்று உன் குரல் கேட்டது. மீட்டிங்கில் நன்றாகவே பேசுகிறாய்.

இதனுடன் சுண்டுவுக்கு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு. இரண்டு வரி எழுதச் சொல்.

இப்படிக்கு,
அண்ணி


பள்ளிக் குடியிருப்பு,
நவம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நடமாடுவது அறிந்து மகிழ்ச்சி. இங்கே யாருக்கும் குறைவில்லை. பிள்ளை தேறிவிட்டாள்.

உங்கள் காகிதத்தைப் பரீட்சை முடிந்ததும் கொடுக்கிறேன். பத்தாம் வகுப்பு விளையாட்டில்லை. இப்போது கொடுத்தால் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். பிறகு அவள் மதிப்பெண்ணுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் இல்லை.

பள்ளி நேரத்தில் போன் செய்ய வேண்டாம். எழுத்தருக்கு வேறு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
நாத்தனார்


பள்ளிக் குடியிருப்பு,
ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு சௌகரியமாக இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. தலைக்கு மேல் வேலை, பதில் போட முடியவில்லை. இப்போது எழுதக் காரணம் ஒரு நல்ல சேதி.

பிப்ரவரி 24 அன்று எங்கள் கல்வி மாவட்டத்தின் பாராட்டு விழா. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சாதித்த மாணவர்களையும் ஊழியர்களையும் மேடையேற்றுகிறார்கள். எங்கள் சதுரங்கப் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களைவிட அவர்களுடைய கணக்கு வாத்தியார்தான் இப்போதே புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மாவுக்கு நீண்ட சேவைக்காகக் கேடயம். உங்களுக்கு அவரைத் தெரியும், அண்ணன் இருந்தபோது நீங்கள் இருந்த தெருவில் அடுத்த வீடு. மாவட்டத்தின் சிறந்த தலைமையாசிரியை என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நானாகச் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே, நம் பிள்ளைக்குத் தங்கப் பதக்கம். முழு வருகைக்காக. நாலாம் வகுப்பில் என்னிடம் வந்து சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூட அவள் பள்ளிக்கு வராமல் இருந்ததில்லை. மழையோ வெயிலோ, தலைவலியோ பல்வலியோ, அவள் இடம் காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. மாவட்டம் முழுக்கத் தேடியும் இப்படி இன்னொரு பிள்ளை கிடைக்கவில்லை என்று கல்வி அதிகாரியே வியந்துபோனார். "வளர்ப்பு அப்படி" என்றார்.

உங்களால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. சிரமப்பட வேண்டாம். போட்டோ அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நாத்தனார்


சலவை ஆலை மகளிர் விடுதி,
ஜனவரி 20

தலைமையாசிரியை அவர்களுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். தாங்களும் இருப்பீர்கள்.

அக்டோபரில் என் மகள் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள் என்று எழுதினீர்கள். பஸ் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக எழுதினீர்கள். இப்போது அவள் ஒரு நாள்கூடப் பள்ளி தவறவில்லை என்று எழுதுகிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனாலும் ஒருத்தி ஒரே நேரத்தில் போர்வைக்குள்ளும் வகுப்பிலும் இருக்க முடியாது என்கிற அளவுக்குப் படித்திருக்கிறேன்.

ஒன்று, நெருப்பாகக் கொதித்த பிள்ளையைப் பதக்கத்துக்காகப் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். இல்லையென்றால் காய்ச்சலே இல்லை. எது என்று எழுதுங்கள்.

பக்கத்துக் கட்டில்காரியிடம் நான் அந்தக் காய்ச்சலைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறேன் தெரியுமா. அவள் பையன்களில் ஒருவன் தினமும் வந்து, "பாப்பாவுக்கு எப்படி இருக்காம்?" என்று கேட்டுவிட்டுத்தான் அவன் அம்மா பக்கமே திரும்புவான்.

சுண்டுவின் அம்மா


பள்ளிக் குடியிருப்பு,
பிப்ரவரி 1

அண்ணிக்கு,

இங்கே அனைவரும் நலம். உங்கள் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. என் கீழே வேலை பார்க்கிறவர்கள்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் இல்லை. உங்கள் மனம் நோகக் கூடாது என்று நான்தான் அப்படி எழுதினேன். ஆபரேஷன் என்று அவளிடம் சொன்னேன். "நான் போகலை அத்தை. அங்க போய் என்ன பண்ணப்போறேன்? அவங்களுக்கும் எனக்கும் பேச என்ன இருக்கு?" என்றாள். இதை அப்படியே எழுதியிருக்க வேண்டுமா? படுத்துக் கிடக்கிற மனுஷிக்கு எழுதுகிற விஷயமா இது?

அவளைக் குறை சொல்லாதீர்கள். அண்ணன் போன வருடமே ஒரு பையும் பிள்ளையும் என்று என் வாசலில் வந்து நின்றீர்கள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். விடுதியில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்றீர்கள். வேறு வேலையே இல்லையா உலகத்தில்? ஆண்டு விடுமுறையில் அவளுக்கு அம்மை போட்டபோது நான்தான் வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பெரிய மனுஷியானபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் இவளைக் காட்டி, "இவளும் என்னோட வருவா" என்றேன். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்கு எந்த மாவட்டத்திலும் பதக்கம் கொடுப்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்


சலவை ஆலை மகளிர் விடுதி,
பிப்ரவரி 6

என் செல்லச் சுண்டுவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதைச் சமையல்காரப் பெரியம்மா வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். உன் அத்தைக்கு அனுப்பினால் உன் கைக்கு வருமா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியம்மாவைத் தவறாக நினைக்காதே, நான்தான் கெஞ்சிக் கேட்டேன்.

அக்டோபரில் எனக்கு ஆபரேஷன் ஆனபோது உனக்குக் காய்ச்சல் என்று உன் அத்தை எழுதினாள். ஆஸ்பத்திரிக்கு நீ வராததில் எனக்குக் கோபம் இல்லை. பேச என்ன இருக்கிறது என்று நீ கேட்டதும் நியாயம்தான். வருடத்துக்கு ஒரு தடவை வந்து, வளர்ந்துவிட்டாய், இளைத்துவிட்டாய் என்று சொல்லிவிட்டுப் போகிற அம்மாவிடம் என்னதான் பேசுவது. ஆனாலும் ஒரு தடவை உன் கையாலேயே எழுதிவிடு. திட்டியாவது எழுது. இன்னொருத்தர் எழுத்தில் உன் பேச்சைப் படிப்பது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

பதக்கம் வாங்கப் போகிறாயாமே. இங்கே எல்லோரிடமும் சொன்னேன்.

முத்தங்களுடன்,
அம்மா


பிப்ரவரி 12

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உனக்கு என்ன ஆபரேஷன்? ஏன் நடந்தது?

உன் கடிதத்தைப் பெரியம்மா சாப்பாட்டு நேரத்தில் என் தட்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்தார்கள். கழிவறைக்குப் போய்ப் படித்தேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்கிற வார்த்தையே இந்த வீட்டில் வரவில்லை. அக்டோபரில் எனக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. பேச என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஏன் அம்மா எழுதுவதே இல்லை என்று கேட்டதற்கு, "ஆலையில வேலை ஜாஸ்தியாம், உன்னை நினைக்க நேரம் ஏது" என்று அத்தை சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். அவர்கள் சொன்னதும் நீயும் நம்பிவிட்டாயே. நான் அப்படிச் சொல்லியிருப்பேன் என்று எப்படி நினைத்தாய்? பெரியம்மா விலாசம் ஆறு வருடமாக உன்னிடம் இருக்கிறது. இப்போதுதான் அது ஞாபகம் வந்ததா? எனக்கு வேண்டிய சட்டை அளவைக்கூட நீ அத்தையிடம்தான் கேட்கிறாய்.

உனக்கு இன்னும் வலிக்கிறதா?

சுண்டு


பள்ளிக் குடியிருப்பு,
பிப்ரவரி 19

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேற்றுக் காலை புத்தகப் பையோடு பள்ளிக்குக் கிளம்பியவள் வகுப்புக்கு வரவில்லை. அங்கேதான் வந்திருப்பாள். வேறு எங்கே போவாள். வந்து சேர்ந்தாளா என்று உடனே தந்தி கொடுங்கள். வழியில் அவளுக்கு ஏதாவது ஆனால் உங்களைச் சும்மா விடமாட்டேன்.

கடிதம் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். சமையல்கார அம்மாவின் பெயரை விழாவிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். என் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு எனக்கே குழி பறிக்கிறவருக்குக் கேடயம் ஒரு கேடா?

அவளை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள். விழாவுக்குள் வந்துவிட்டால் போதும். இந்த நாட்களுக்கு அவள் வந்ததாகவே எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் தெரியாது. அவளுடைய ஆறு வருட உழைப்பை உங்கள் வீம்புக்காக வீணாக்காதீர்கள்.

நாத்தனார்


சலவை ஆலை மகளிர் விடுதி,
பிப்ரவரி 22

நாத்தனாருக்கு,

அவள் பத்திரமாக இருக்கிறாள். தந்தி கொடுத்தேன், இதற்குள் வந்திருக்கும். நீ அன்று சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதற்காக மட்டும் வருந்துகிறேன்.

பள்ளிச் சீருடையிலேயே ஆலை வாசலில் நின்றாள். காவலாளி, "யாரு வேணும்?" என்று கேட்டதற்கு, "ஆபரேஷன் ஆன அம்மா" என்றாளாம். இங்கே பாதிப் பேர் ஆபரேஷன் ஆன அம்மாதான். அவர் ஒவ்வொரு பகுதியாகக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார். துண்டு மடித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தாயா? நானும் நினைத்தேன். எதிரே உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். தப்பும் தவறுமாக. "எப்படின்னு காட்டு" என்றாள். அன்று முழுக்க அவ்வளவுதான் பேசினாள்.

மறுநாள் தையல் போட்ட இடத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பார்த்துவிட்டு என்னிடம் சண்டை போட்டாள். உன்னோடும்தான், நீ இங்கே இல்லாததால் உன் பங்கையும் நானே வாங்கிக்கொண்டேன்.

வார்டன் சில நாட்களுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

அவள் வந்ததாகவே எழுதிவைக்கச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். அவளிடம் படித்துக் காட்டினேன். "அத்தை அப்படி எழுதவே மாட்டாங்க. மணி அடிச்ச பிறகு வந்தா என்னையே வெளிய நிக்கவெப்பாங்க" என்று சாதித்தாள். உன் கையெழுத்தைக் காட்டினேன். காகிதத்தை வாங்கித் திரும்பப் படித்தாள். பிறகு போய் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் உன்னை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். எதுவும் அவளிடம் எடுபட்டதில்லை. அந்த ஒரு வரி எடுபட்டுவிட்டது.

விழாவுக்கு வரமாட்டாளாம். வரவில்லை என்றே எழுதச் சொல்கிறாள்.

அண்ணி


பள்ளிக் குடியிருப்பு,
பிப்ரவரி 26

அண்ணிக்கு,

தந்தியும் கடிதமும் கிடைத்தன.

விழா நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. சதுரங்கப் பிள்ளைகளில் ஒருத்தி மேடையில் தும்மிக்கொண்டே கோப்பையை வாங்கினாள், எல்லோரும் சிரித்தார்கள். சமையல்கார அம்மாவையும் அழைத்தார்கள். பெயரை எடுக்கச் சொன்னதாக உங்களுக்கு எழுதினேனே தவிர, எடுக்கச் சொல்லவில்லை. கேடயத்தை வாங்கிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

சிறந்த தலைமையாசிரியை என்று என்னை மேடையிலேயே நிற்கவைத்துவிட்டு அடுத்ததாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு நான் சொல்லியிருக்கவில்லை. கடைசி நிமிடத்தில் வந்து நிற்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி கூப்பிட்டார்கள். எல்லோரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று அதிகாரி மைக்கிலேயே கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லை. வரவில்லை. இந்த வாரம் முழுவதுமே வரவில்லை" என்றேன். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஓர் ஓரத்தில் கைதட்டக்கூடச் செய்தார்கள். பதக்கம் திரும்பிப் பெட்டிக்குப் போய்விட்டது.

நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அக்டோபரில் நான் அவளை அனுப்பியிருந்தால் திரும்பி வந்திருப்பாளா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். படுத்திருக்கிற உங்களைப் பார்த்த பிறகு அவள் அங்கிருந்து நகர்ந்திருப்பாளா?

பொதுத்தேர்வு மார்ச்சில். அவள் அறையில் எதையும் நான் தொடவில்லை. எப்போது வருகிறாள் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள்.

நாத்தனார்


சலவை ஆலை மகளிர் விடுதி,
மார்ச் 3

அத்தைக்கு,

அம்மாவும் நானும் நலம். நீங்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று தெரியவில்லை, நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

தேர்வு எழுத வருகிறேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. சமையல்காரப் பெரியம்மா வீட்டில் தங்கிக்கொள்கிறேன். அவர்களை எதுவும் சொல்லாதீர்கள். அம்மாவும் லீவு போட்டுக்கொண்டு என்னோடு வருகிறாள். உங்களைப் பார்க்க அம்மாவுக்கு இஷ்டம் இல்லை, எனக்காக வருகிறாள். தேர்வு முடிந்த பிறகு எங்கே இருப்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் இருவரும் எனக்காக முடிவு செய்ய வேண்டாம்.

நீங்கள் மேடையில் சொன்னதை அம்மா படித்துக் காட்டினாள். அந்தக் கடிதத்தை மடித்து என் புத்தகப் பையில் வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கு நான் வகுப்பில் என்ன படித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன் அத்தை. மற்ற நாள் மாதிரி இரண்டு பின்னல் போட்டுக்கொண்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன்" என்று சொல்லியிருப்பேன். என்ன பாடம் நடந்தது என்று ஞாபகமே இல்லை.

என்னுடைய கணக்குப் புத்தகத்தையும் ஹால் டிக்கெட்டையும் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்